‘கோல்ட் ரஷ்’ நகரம் என்றால் என்ன? பல்லாரட் போனால் எதைப் பார்ப்பது?
தங்கம் கிடைத்த செய்தி பரவி, மண்வெட்டியும் தட்டுமாக ஆயிரக்கணக்கானோர் ஓடிவந்ததால் திடீரென்று முளைத்த ஊர்தான் ‘கோல்ட் ரஷ்’ நகரம். ஆஸ்திரேலியாவின் பல்லாரட் 1851-ல் அப்படித்தான் பெருத்தது. தொடக்கத்தில் தங்கம் ஓடை மணலிலேயே கிடந்தது. பெரிய முதலோ இயந்திரமோ தேவைப்படவில்லை. அதனால்தான் அத்தனை கூட்டம்.

அரிசியில் கல் அரிப்போமே, கிட்டத்தட்ட அதே வேலைதான். தட்டைத் தண்ணீரில் சுழற்றினால் மணல் வழிந்துவிடும். மணலைப் போல ஏழு மடங்கு கனமான தங்கம் அடியில் தங்கும். சாவரின் ஹில் திறந்தவெளி அருங்காட்சியகத்து ஓடையில் நீங்களே அரித்துப் பார்க்கலாம். ஒரு துகள் கண்ணில் படுவதற்குள் இடுப்பு கழன்றுவிடும், ஆனாலும் எழுந்துவர மனம் வராது (குழந்தைகளோடு போனால் மாற்றுடை அவசியம்). அங்குள்ள மிட்டாய்க் கடையில், சூடான சர்க்கரைப் பாகை அந்தக்கால முறையில் சிவப்பு ராஸ்பெரி மிட்டாயாக மாற்றுவார்கள். ஒரு பொட்டலம் வாங்காமல் நகராதீர்கள்.

சாவரின் ஹில்தான் பழைய ஊர் என்று பலர் நினைக்கிறார்கள். அது 1970-ல் திறக்கப்பட்ட மறு உருவாக்கம். அசல் பழைய கட்டடங்கள் நகருக்குள் லிடியார்ட் தெருவில் இருக்கின்றன.