ஐந்து பற்றரியில் எது பிழை? மாற்றுவதற்கு முதல் அளந்து பாருங்கள்

கேள்வி: "வணக்கம் அண்ணா. கோண்டாவிலில இருந்து சாவகச்சேரியில இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு எலெக்ட்ரிக் ஸ்கூட்டரிலதான் போய் வாறன். 60 வோல்ற், 20 அம்பியர் எண்டு எழுதியிருக்கு, உள்ளுக்கு ஐஞ்சு பற்றரி. வாங்கி ரெண்டு வருசம். முந்தி போய் வந்தும் ரெண்டு கோடு மிச்சம் இருக்கும். இப்ப திரும்பி வரேக்க கோப்பாய் வெளியிலயே கடைசிக் கோடு மினுங்குது. நிப்பாட்டிக் கொஞ்சம் விட்டால் திரும்ப மூண்டு கோடு காட்டுது. ஒரு கடையில ஐஞ்சையும் மாத்தச் சொல்லுகினம். இன்னொருத்தர் பழுதான ஒண்டை மட்டும் மாத்தினால் காணும் எண்டுறார். லித்தியம் போடுங்கோ எண்டும் ஒருத்தர் சொல்லுறார். என்ன செய்யலாம்?" – ஓர் ஆசிரியை

பதில்: ரீச்சர், நீங்கள் கேட்ட மூன்று பேரில் ஒருவராவது பற்றரிகளைத் தனித்தனியாக அளந்து பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. முதலில் நடக்க வேண்டியது அது. அளக்காமல் சொல்லும் யோசனை எல்லாம் குருட்டு மதிப்புத்தான். ஐந்து பற்றரியின் விலையை அந்த மதிப்பை நம்பிக் கொடுக்க வேண்டாம்.

நிப்பாட்டினால் கோடு ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு ஆகப் பயன்பட்ட வரி அதுதான். உங்களுடையதைப் போல ஈயப் பற்றரி போட்ட ஸ்கூட்டர்களில் மீற்றரில் தெரியும் அந்தக் கோடுகள் மிச்சமிருக்கும் மின்சாரத்தை அளப்பதில்லை, அந்த நேரத்து வோல்றை மட்டும் காட்டுகின்றன. நீங்கள் கைப்பிடியை முறுக்கும்போது மோட்டார் 15, 20 அம்பியர் என்று இழுக்கும். நல்ல பற்றரியில் வோல்ற் கொஞ்சம்தான் இறங்கும். உள்தடை, அதாவது தனக்குள்ளேயே மின்னோட்டத்தை மறிக்கும் தன்மை, கூடின பழைய பற்றரியில் சடாரென்று விழும், இழுவை நின்றதும் பழையபடி ஏறும். அதனால் நிப்பாட்டி வைத்துப் பார்க்கும் கோட்டை நம்பி அடுத்த ஊருக்குப் புறப்படாதீர்கள். சமதரையில் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது காட்டுவதுதான் ஓரளவுக்கு உண்மை.

ஐந்து பற்றரியும் ஒன்றின் பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டவை. ஒன்றில் ஓடும் அதே மின்னோட்டம்தான் மற்ற நான்கிலும் ஓடும். ஒரு 12 வோல்ற் ஈயப் பற்றரியை 10.5 வோல்றுக்குக் கீழே இறக்கக் கூடாது. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலர் அதைப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்த வேண்டும். ஆனால் அதற்குத் தெரிவது ஐந்தினதும் கூட்டுத்தொகை மட்டுமே, 60 வோல்ற் வண்டியில் அது 52.5 அளவில் வெட்டும். இப்போது கணக்குப் பாருங்கள். நான்கு பற்றரி நல்லபடி 12 வோல்றில் நின்றால் 48. ஐந்தாவது 4.5 வோல்றுக்கு விழுந்தாலும் கூட்டினால் 52.5 வந்துவிடும். கொன்ட்ரோலர் எல்லாம் சரி என்று ஓட விடும், அந்த ஐந்தாவது பற்றரி அன்றன்றைக்குச் செத்துக்கொண்டிருக்கும். வெளியே உங்களுக்குத் தெரிவது இழுவை குறைவதும் கோடு மினுங்குவதும் மட்டும்தான்.

சார்ஜ் ஏறும்போது இதைவிட மோசம். 12 வோல்ற் பற்றரி ஒன்றுக்குள் 2 வோல்ற் செல்கள் ஆறு இருக்கும். அதில் ஒன்று உள்ளே ஷோர்ட் ஆனால் அந்தப் பற்றரி 10.6 அளவிலேயே நிற்கும். உங்கள் சார்ஜர் மொத்தம் 73, 74 வோல்றைத் தொட்ட பிறகுதான் வேகத்தைக் குறைத்துப் பச்சை லைற்றுக்கு மாறும். ஒரு செல் இல்லாத தொகுதி அந்த அளவைத் தொட முடியாமல் இழுபடும். சிவப்பு லைற் விடிய விடிய எரியும். பிழையில்லாத நான்கு பற்றரிக்கும் தேவைக்கு மேல் மின்சாரம் ஏறி, சூடாகி, உள்ளே இருக்கும் ஈரம் காய்ந்து, பக்கங்கள் ஊதிவிடும். பெட்டிக்குள் இருந்து கழற்ற முடியாதபடி வயிறு வீங்கி இறுகிப்போன பற்றரிகளில் பல இப்படி வந்தவை. இரவு போட்டது காலை வரை சிவப்பிலேயே நின்றாலோ, தொட்டுப் பார்த்தால் சுட்டாலோ உடனே பிளக்கைக் கழற்றுங்கள். "இன்னும் கொஞ்ச நேரத்தில பச்சைக்கு வரும்" என்று விட்டு வைப்பதுதான் ஒன்றின் பிழையை ஐந்துக்கும் பரப்புகிறது.

அளப்பது பெரிய வித்தை இல்லை. ஒரு சாதாரண மல்ரிமீற்றர் காணும். கையில் காப்பு, மோதிரம் இருந்தால் முதலில் கழற்றி வையுங்கள். சீற்றுக்குக் கீழே இருக்கும் பிரேக்கரை அணையுங்கள். ஸ்பானரின் பிடிக்கு ரேப் சுற்றுங்கள். ஐந்தும் சேர்ந்த வோல்ற் உடம்பில் தாக்கக்கூடியது, ஸ்பானர் இரண்டு முனையையும் தொட்டால் பொறி பறந்து இரும்பே உருகும். பழக்கமில்லையென்றால் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நின்று எண்களை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

முழுக்க சார்ஜ் போட்டு, பிளக்கைக் கழற்றி, ஒரு இரவு விட்டபின் ஒவ்வொன்றாக அளவுங்கள். 12.8க்கு மேல் இருந்தால் நல்லது. நான்கு 12.9 காட்டி ஒன்று மட்டும் 12.3 என்றால் அதன்மேல் சந்தேகப்படலாம். ஆனால் ஓய்வில் இருக்கும் வோல்ற் ஏமாற்றும், அரைவாசி செத்த பற்றரியும் காலையில் 12.8 காட்டும். அதனால் இரண்டாவது சோதனையும் வேண்டும். வழமையான பாதையில் ஓடி, கடைசிக் கோடு மினுங்கத் தொடங்கியதும் ஓரமாக நிப்பாட்டி உடனே ஐந்தையும் அளவுங்கள். மற்றவை 12ஐச் சுற்றி நிற்க ஒன்று மட்டும் 11, 10 என்று கிடந்தால் ஆள் பிடிபட்டுவிட்டார்.

மூன்றாவது சோதனை கொஞ்சம் பொறுமை கேட்கும். ஒரு 12 வோல்ற் 55 வாட் கார் ஹெட்லைற் பல்ப்பை வயர் போட்டு, முழுக்க சார்ஜ் ஏறின ஒரு பற்றரியில் கொழுவுங்கள். அது ஏறக்குறைய நாலரை அம்பியர் எடுக்கும். பல்ப் நல்லாகச் சுடும், ஓட்டுத் துண்டு ஒன்றின்மேல் வைத்து, பிள்ளைகள் கிட்ட வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய 20 அம்பியர்-மணி பற்றரி (வண்டியில் 20 அம்பியர் என்று எழுதியிருப்பது இதைத்தான்) நாலு மணித்தியாலத்துக்கு மேல் தாங்கும். இரண்டு மணித்தியாலத்திலேயே 10.5ஐத் தொட்டால் அதில் பாதிகூட மிச்சமில்லை. தொட்டவுடன் பல்ப்பைக் கழற்றிச் சார்ஜில் போடுங்கள், இறங்கின நிலையில் விட்டு வைக்கக் கூடாது.

ஐந்தும் ஒரே மாதிரி இறங்கினால், அதாவது எல்லாமே இரண்டு, இரண்டரை மணித்தியாலத்தில் படுத்தால், முதல் கடைக்காரர் சொன்னது சரி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இதற்குத்தான் வாய்ப்புக் கூட. ஒரு வழி 17 கிலோமீற்றர் அளவு, போய் வர 34. 60 வோல்ற், 20 அம்பியர்-மணி என்பது 1200 வாட்-மணி. இந்த ரக ஸ்கூட்டர் கிலோமீற்றருக்கு 25 முதல் 30 வாட்-மணி தின்னும். ஆக 34 கிலோமீற்றருக்கு 850 முதல் 1020 வாட்-மணி போகும், ஒவ்வொரு பள்ளிக்கூட நாளும் பற்றரியை ஏறக்குறைய அடிமட்டம் வரை இறக்கியிருக்கிறீர்கள். ஈயப் பற்றரி அப்படி இறங்கி ஏறுவதை 300, 400 தடவை தாங்கினால் அதுவே பெரிது. இரண்டு வருசப் பள்ளி நாட்கள் அந்தக் கணக்குக்குக் கிட்ட வந்துவிட்டன. பற்றரி உங்களை ஏமாற்றவில்லை, தன் காலத்தை ஓடி முடித்திருக்கிறது.

ஒன்று மட்டும் விழுந்து மற்ற நான்கும் மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல் தாங்கினால் இரண்டாவது ஆள் சொன்னபடி செய்யலாம். ஆனால் அந்த இடத்தில் புத்தம் புதியதைப் போடுவதைவிட, அதே நிறுவனத்தின், ஏறக்குறைய அதே வயதுடைய, சோதித்த பாவித்த பற்றரி கிடைத்தால் நல்லது. கொள்ளளவு ஒவ்வாதவை தொடராக நின்றால் பலவீனமானவை முதலில் இறங்கி, முதலில் நிரம்பி, இரண்டு பக்கத்தாலும் அடி வாங்கும். மூடியைத் திறந்து "பற்றரித் தண்ணி" விட்டுத் தருகிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். காய்ந்துபோன பற்றரிக்கு வடித்த நீர் சில துளி விட்டால் கொஞ்சக் காலம் இழுக்கும், அதற்காகக் காசு செலவழிக்க நான் சொல்லமாட்டேன். அசிட் ஊற்றுகிறோம் என்றாலோ, கிணற்றுத் தண்ணீர் விடுகிறோம் என்றாலோ வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பற்றரியைக் குற்றம் சொல்லுமுன் சின்னச் சின்ன விசயங்களும் உண்டு. நம் யாழ்ப்பாணத்து உப்புக்காற்றில் செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும், நட்டுகள் கறல் பிடிக்கும். இறுக்கமில்லாத முனை சூடாகி பிளக்கின் பிளாஸ்டிக்கைப் பழுப்பாக உருக்கியிருக்கும், அதை நிறத்திலேயே கண்டுபிடிக்கலாம். சுரண்டி, இறுக்கி, மேலே வாசலின் பூசினால் போதும். சில்லுக்குக் காற்றுக் குறைவாக இருந்தாலும், பிரேக் உரசினாலும் தூரம் குறையும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை நீங்கள் திரும்பும் வழியில் கைதடி – கோப்பாய் வெளியில் காற்று சாய்வாக முகத்தில் அடிக்கும். அந்த வெளியில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து ஓடிப் பாருங்கள், கோட்டில் வித்தியாசம் தெரியும்.

இனி லித்தியம். அந்த மூன்றாவது ஆளை நான் ஒதுக்கமாட்டேன், உங்கள் ஓட்டத்துக்கு அதுவே பொருத்தம். அதில் எல்.எஃப்.பி. என்று அழைக்கப்படும் லித்தியம் இரும்பு பொஸ்பேற் வகையைக் கேளுங்கள். ஐந்து ஈயப் பற்றரியும் சேர்ந்தால் 30 கிலோவுக்கு மேல், அதே அளவு எல்.எஃப்.பி. அதில் பாதிகூட வராது. ஆழமாக இறக்கினாலும் ஆயிரம் தடவைக்கு மேல் தாங்கும், வேகமாக ஓடினாலும் கொள்ளளவு சுருங்காது. விலைதான் கூட.

ஆனால் வாங்குமுன் சில கேள்விகள் கேட்க வேண்டும். உள்ளே எத்தனை செல் தொடரில் இருக்கிறது, முழுச் சார்ஜில் எத்தனை வோல்ற்? 20 செல் போட்ட எல்.எஃப்.பி. 73 வோல்றில் நிரம்பும். மற்ற வகை லித்தியத்தில் 16 செல் என்றால் 67.2, 17 செல் என்றால் 71.4. உங்கள் பழைய ஈயச் சார்ஜர் 73, 74 வரை, அதாவது இவற்றின் எல்லையைத் தாண்டியும் ஏற்றும். "பழைய சார்ஜரே காணும்" என்று ஒரு கடை சொன்னால், அந்தக் கடையில் வாங்காதீர்கள். பற்றரிக்குள் இருக்கும் பாதுகாப்பு மின்பலகை எத்தனை அம்பியர் தாங்கும்? உங்கள் கொன்ட்ரோலரில் எழுதியிருக்கும் உச்ச அம்பியரைவிட அது கூடவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றத்திலும் எதிர்க்காற்றிலும் வண்டி திடீரென்று அணையும். செல்கள் புதியவையா, பழைய வாகனத்தில் கழற்றியவையா? எழுத்தில் தரச் சொல்லுங்கள். இன்னொன்று, எல்.எஃப்.பி. போட்டால் வோல்ற் கடைசி வரை சமமாகவே நிற்கும், கோடு முழுதாகக் காட்டிக்கொண்டே இருந்து திடீரென்று விழும். அதனால் கிலோமீற்றரை எண்ணி ஓடப் பழக வேண்டும்.

பணம் இப்போது இடம் கொடுக்காவிட்டால் ஈயமே போடுங்கள், பழக்கத்தை மட்டும் மாற்றுங்கள். பள்ளிக்கூடத்தில் அதிபரிடம் கேட்டுப் பகலில் சார்ஜ் போட முடிந்தால் அதைவிட வேறு வைத்தியம் இல்லை. அரைவாசி இறங்கியதும் ஏற்றினால் தடவைகள் ஏறக்குறைய இரட்டிக்கும். சார்ஜர் 200 வாட் அளவுதான் எடுக்கும், முழு நிரப்பலுக்கு ஒன்றரை யூனிற் சொச்சம். அதற்கான காசை மாதம் மாதம் கொடுத்துவிட்டால் யாரும் முகம் சுழிக்க மாட்டார்கள். "முழுசா இறங்கவிட்டுத்தான் போட வேணும்" என்பது பழைய நிக்கல் பற்றரிக் காலத்துக் கதை, ஈயத்துக்கு அது நஞ்சு. வெயிலில் ஓடி வந்தவுடன் போடாமல் அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள், தகரக் கொட்டிலுக்குள் உச்சி வெயிலில் போட வேண்டாம். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈயப் பற்றரியின் ஆயுள் பாதியாகும் என்பது பற்றரிக்காரர்களின் பொதுக் கணக்கு. லித்தியமோ ஈயமோ, இரவில் வாசற்கதவை மறித்து வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். நீண்ட விடுமுறைக்கு ஈயத்தை முழுக்க நிரப்பி, பிரேக்கரை அணைத்து, மாதம் ஒரு முறை ஏற்றுங்கள். லித்தியம் என்றால் பாதி அளவில் விடுங்கள்.

புதிதாக ஈயம் வாங்கும்போது மீற்றரைக் கையோடு கொண்டு போங்கள். ஐந்திலும் பொறித்திருக்கும் உற்பத்தித் திகதிக் குறியீடு ஒன்றாக இருக்க வேண்டும். கடையிலேயே அளந்து 12.6க்குக் கீழே உள்ளதை ஒதுக்குங்கள், அலுமாரியில் கனகாலம் கிடந்து இறங்கினது அது. உத்தரவாதம் எழுதின பில்லில் ஐந்து இலக்கங்களும் இருக்க வேண்டும். பழையதைத் திருப்பிக் கொடுத்து விலையில் கழிக்கச் சொல்லுங்கள், ஈயத்துக்கு நிறைக் கணக்கில் நல்ல விலை உண்டு. வீட்டு வளவில் உடைத்து ஈயம் எடுத்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் கொடுக்காதீர்கள். எங்களுடையது சுண்ணாம்புக்கல் நிலம், அந்த அசிட்டும் ஈயமும் இறங்கிப் போகும் இடம் உங்கள் கிணறும் பக்கத்து வீட்டுக் கிணறும்தான்.