ஏற்காடு மலையில் டூர் டி பிரான்ஸ் மாதிரி ஒரு ஸ்டேஜ் வைத்தால் விறுவிறுப்பாக இருக்குமா?

பழக்கமில்லாதவர்களுக்கு: டூர் டி பிரான்ஸ் மூன்று வாரம் நடக்கும் சைக்கிள் பந்தயம், ஒரு நாள் ஓட்டம்தான் ஒரு ஸ்டேஜ், எல்லா நாளும் சேர்த்துக் குறைந்த நேரம் எடுத்தவர் ஜெயிப்பார். கேட்கப்பட்டது இது: "டூர் டி பிரான்ஸ் சில நாள் பார்த்தால் தூக்கம் வருகிறது, சில நாள் உட்கார விடாமல் செய்கிறது. எதனால் இந்த வித்தியாசம்? நம்ம சேலத்திலிருந்து ஏற்காடு வரை ஒரு ஸ்டேஜ் வைத்தால் செமையாக இருக்கும் இல்லையா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: இருக்காது. அடிவாரத்தில் ஏறி ஏரிக்கரையில் முடித்தால் நிச்சயம் இருக்காது. ஊர்ப்பாசத்தில் கல்லைத் தூக்குவதற்கு முன் கணக்கைப் பாருங்கள்.

நம் மலையில் 20 கொண்டை ஊசி வளைவு, ஆல்ப்ஸில் இருக்கும் ஆல்ப் டுவெஸில் 21. ஏறும் உயரமும் இரண்டிலும் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர்தான். அவர்கள் அதை 13.8 கிலோமீட்டருக்குள் அடைத்திருக்கிறார்கள், சராசரி ஏற்றம் 8.1 சதவீதம். நம்முடையது பஸ்ஸும் லாரியும் மூச்சு வாங்காமல் ஏறுவதற்காக இருபது கிலோமீட்டர் வாக்கில் இழுத்து விட்ட ரோடு. சராசரி 5 சதவீதத்தைச் சுற்றித்தான் வரும்.

இந்த மூன்று சதவீதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 65 கிலோ ஆள், சைக்கிளும் உடுப்பும் சேர்த்து 8 கிலோ, கிலோவுக்கு 6 வாட் வீதம் 390 வாட் மிதிக்கிறார் என்று வையுங்கள். 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 21 கிலோமீட்டர் போவார். காற்றைக் கிழிக்கச் செலவாவது அவர் சக்தியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே ஆள் 5 சதவீதத்தில் 28 கிலோமீட்டர் போவார், அங்கே காற்று ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விழுங்கும். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வருபவருக்கு அதில் கணிசமான பகுதி மிச்சம். அப்படியானால் ஏற்காட்டில் தாக்கிவிட்டு முன்னே போகிறவர் முட்டாள், ஒட்டிக்கொண்டு வருபவர் புத்திசாலி. பத்தொன்பது வளைவு வரை ஒரு பலமான அணி ஒரே சீராக இழுக்கும், கடைசி ஒரு கிலோமீட்டரில் முப்பது பேர் சேர்ந்து ஸ்பிரிண்ட் அடிப்பார்கள். அதற்கு இரண்டு மணி நேரம் டிவி முன்னால் உட்கார வேண்டுமா?

முதல் கேள்விக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. மலையின் உயரமோ ஊரின் அழகோ காரணம் இல்லை. காத்திருப்பது லாபமாக இருக்கும் நாள் சலிப்பு, காத்திருப்பது நஷ்டமாகும் நாள் விறுவிறுப்பு.

சமதள ஸ்டேஜை எடுங்கள். நாலு பேர் முன்னால் தப்பி ஓடுவார்கள். பின்னால் நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட ஆட்கள். ஸ்பிரிண்டர் (கடைசிப் பாய்ச்சலில் கெட்டிக்காரர்) வைத்திருக்கும் அணிகள் ஆளுக்கொருவரை முன்னால் நிறுத்தி, இடைவெளியை இரண்டு மூன்று நிமிடத்தில் பிடித்து வைக்கும். சீக்கிரம் பிடித்தால் அடுத்த நாலு பேர் ஓடுவார்கள் என்பதால் வேண்டுமென்றே விட்டு வைப்பார்கள். தப்பியவர்களுக்கு 10 கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் கையில் இருந்தால்தான் பிழைப்பார்கள் என்பது இந்த விளையாட்டின் பழைய கைக்கணக்கு. 30 கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போது இடைவெளி ஒன்றரை நிமிடம் என்றால் கதை முடிந்தது, போய் தோசை வார்த்துவிட்டு வரலாம். முதல் மூன்று இடத்துக்கு 10, 6, 4 வினாடி போனஸ் (மொத்த நேரத்தில் கழியும்), கடைசிச் சில கிலோமீட்டருக்குள் விழுந்தால் நேர இழப்பு கிடையாது என்ற விதிகள் வேறு. இவையும் பொறுத்திருப்பவனுக்கே சாதகம்.

அதே சமதளத்தில் பக்கவாட்டுக் காற்று அடித்தால் காட்சி மாறும். தாராபுரம் பக்கம் காற்றாலைகள் நடுவே ஆடி மாதம் சைக்கிள் மிதித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்று இடப்பக்கம் இருந்து வந்தால், ஒளிவதற்கு இடம் முன்னால் போகிறவரின் வலப்பின்னால். எனவே வரிசை சாலையின் குறுக்கே சாய்வாக விரியும். சாலை அகலத்துக்குப் பத்துப் பதினைந்து பேர்தான் கொள்வார்கள். பதினாறாவது ஆள் ஓரத்து மண்ணில் முழுக்காற்றையும் வாங்குவார், அவர் முன்னால் ஒரு விரிசல் விழும், அந்த விரிசலை மூட முடியாது. 2013 டூரின் 13ஆவது ஸ்டேஜ் பக்கா சமதளம். மஞ்சள் பனியனில் (அதாவது மொத்த நேரத்தில் முதலிடத்தில்) இருந்த ஃப்ரூம் அன்று கான்டடோரிடம் ஒரு நிமிடத்துக்கு மேல் இழந்தார். சைக்கிள் பழுதாகி நின்ற வால்வெர்டே கிட்டத்தட்ட பத்து நிமிடம் பின்தங்கினார்.

மலை நாட்களுக்கு வருவோம். 2012 டூரில் டைம் டிரையல் (ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தோடு போட்டி போடும் ஓட்டம்) மட்டும் 100 கிலோமீட்டருக்கு மேல். அதில் முந்திவிட்ட விக்கின்ஸுக்கு மலையில் அந்த முன்னிலையைக் காத்தால் போதும். அவருடைய ஸ்கை அணி ஒரே வாட் அளவில் வண்டியோட்டுவது போல இழுத்தது, தாக்கியவர்கள் இரண்டு கிலோமீட்டரில் களைத்துத் திரும்பினார்கள். நேர்த்தியான வேலை. ரசிக்கிறவர்கள் ரசியுங்கள், எனக்குக் கொட்டாவிதான். (டைம் டிரையலே கூடாது என்று சொல்லவில்லை. 1989இல் கடைசி நாள் 24.5 கிலோமீட்டரில் லெமாண்ட் 50 வினாடி பின்னால் இருந்து 8 வினாடியில் டூரை ஜெயித்தார். கடைசியில், நெருக்கமான நிலையில் வைத்தால் அது அமிர்தம்.)

2022இல் யும்போ அணி செய்தது நேர் எதிர். கிரனோன் ஸ்டேஜில் வான் ஆர்ட்டை முன்கூட்டியே ஓடவிட்டு, கடைசி மலைக்கு முன்பே கலிபியே ஏற்றத்தில் ரோக்லிச்சும் விங்கிகோரும் மாறி மாறித் தாக்கினார்கள். மஞ்சள் பனியனில் இருந்த பொகாச்சார் ஒவ்வொன்றுக்கும் தானே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. விளைவு கடைசி மலையில் தெரிந்தது, கிட்டத்தட்ட மூன்று நிமிடம் போனது.

2025 ஜிரோவின் (இத்தாலியின் மூன்று வாரப் பந்தயம்) 20ஆவது ஸ்டேஜ் இன்னும் நல்ல பாடம். ஃபினெஸ்ட்ரே மலையின் மேல் 8 கிலோமீட்டர் மண் ரோடு. சைமன் யேட்ஸ் தாக்கியபோது முதலிடத்தில் இருந்த டெல் டோரோவும் இரண்டாம் இடத்தில் இருந்த கரபாஸும் "நீ துரத்து, நீ துரத்து" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மலைக்கு அப்பால் பள்ளத்தாக்கில் தனி ஆள் கரைந்துவிடுவான் என்பது பொதுவான கணக்கு. ஆனால் அங்கே யேட்ஸின் அணிக்காரர் வான் ஆர்ட் முன்கூட்டியே போய்க் காத்திருந்தார், யேட்ஸை இழுத்துக்கொண்டு போனார். ஜிரோவில் முதலிடத்துக்கான இளஞ்சிவப்பு பனியன் கைமாறியது.

"ஸ்டேஜைச் சின்னதாக்கினால் போதும்" என்று சொல்பவர்களுக்கு: 2018 டூரில் 65 கிலோமீட்டரில் ஒரு மலை ஸ்டேஜ் வைத்து, கார் பந்தயம் போல வரிசையில் நிறுத்திக் கிளப்பினார்கள். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் எல்லோரும் அவரவர் அணியோடு சேர்ந்துகொண்டார்கள். வரிசை புகைப்படத்துக்கு ஆயிற்று.

ஏற்காட்டில் வைத்தே ஆக வேண்டும் என்றால் முடிவுக்கோட்டை மேலே வைக்காதீர்கள். அடிவாரம் வழியாக ஒருமுறை ஏறி, கொட்டச்சேடு வழியே குப்பனூர் இறங்கி, அயோத்தியாப்பட்டணம் சுற்றி வந்து மறுபடி ஏறி, மறுபடி குப்பனூர் இறக்கத்தின் அடியிலேயே கோட்டைப் போடுங்கள். இறக்கத்தில் கூட்டமாகத் துரத்துவதால் லாபம் இல்லை, உச்சியில் 20 வினாடி முன்னிலை வைத்திருப்பவன் பிழைப்பான். அதனால் உச்சிக்கு முன்பே தாக்குவான். முடிவுக்கோட்டைச் சேலம் வரை இழுத்தால் இடைப்பட்ட சமதளத்தில் துரத்துகிறவர்கள் பிடித்துவிடுவார்கள், திரும்பவும் தோசைக் கதைதான்.

அதற்கு முன் வளைவுகளின் உட்பக்கம் சேரும் ஜல்லியைக் கூட்ட வேண்டும். 23 மில்லிமீட்டரோ 28 மில்லிமீட்டரோ, சாய்ந்து திரும்பும் டயருக்கு ஒரு கைப்பிடி ஜல்லி போதும். கூடவே, கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. ஞாயிற்றுக்கிழமை இறங்கும் கார்க்காரர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. வளைவில் உட்பக்கம் வெட்டி, ஏறுகிற சைக்கிளுக்கு ஹாரன் அடிக்கிறார்கள். போதாததற்கு பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டி, பிரேக் கருகிய நாற்றத்தோடு அடிவாரத்தில் நிற்பார்கள். இரண்டாவது கியரில் இறக்கினால் பிரேக்கும் பிழைக்கும், எதிரே வருபவனும் பிழைப்பான்.

டிவி விஷயத்துக்கு: ஸ்டேஜ்கள் பெரும்பாலும் நம் நேரம் இரவு 9 மணி வாக்கில் முடியும். சமதளம் என்றால் எட்டே முக்காலுக்கு உட்காருங்கள், காற்று எச்சரிக்கை இருந்தால் முழுதும் பாருங்கள். மலை என்றால் கடைசி மலைக்கு முந்தின மலை எப்போது தொடங்குகிறது என்று பார்த்து, அங்கிருந்து.