கோவைக்கு ரெண்டு நாள்: ஊட்டியை விடுங்கள், ஈரோட்டில் ரயில் ஏறுங்கள்

கேள்வி: "நாங்கள் சென்னையில் இருக்கிறோம். அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ரயில் ஏறி, சனி, ஞாயிறு ரெண்டு நாள் கோவையில் இருக்கப் போகிறோம். நான், கணவர், 11 வயது மகன், 7 வயது மகள், அப்புறம் 67 வயது அம்மா. திங்கள் காலை வேலைக்குப் போயாக வேண்டும். யாரைக் கேட்டாலும் ஊட்டி, ஆதியோகி, மருதமலை, கோவை குற்றாலம், கொடிவேரி என்று அடுக்குகிறார்கள். கொங்குச் சாப்பாடு நன்றாகச் சாப்பிட வேண்டும், ஊரையும் பார்க்க வேண்டும், சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பொழுது போக வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. சனிக்கிழமை அசைவம் தொட மாட்டார். எப்படித் திட்டம் போடுவது?"

முதலில் ஊட்டியை எடுத்துவிடுங்கள். கோவையிலிருந்து 80 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் என்று கணக்கு எளிதாகத் தெரியும், ஆனால் மேட்டுப்பாளையம் தாண்டியதும் மலை வளைவு, அதுவும் சனி ஞாயிறு என்றால் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் நுழையும் வண்டிக்கு இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் என் ஒறம்பரைகள் (உறவினர்கள்) ஒன்பது பேர் சேலத்திலிருந்து வந்தபோது நானே இந்தத் தப்பைச் செய்தேன். ஆசைப்பட்டுக் கேட்கிறார்களே என்று வேன் பிடித்துக் கூட்டிப் போனேன். குன்னூர் போவதற்குள் ரெண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்துவிட்டார்கள், ஊட்டியில் ஒன்றரை மணி நேரம் இருந்தோம், மதியச் சாப்பாடு நாலு மணிக்கு. அத்தை ஒருவர் இன்றைக்கும் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் "ஏனுங்க, அது வேண்டாமுங்க" என்பார். அந்த மலைக்கு ரெண்டு நாள் தனியாக ஒதுக்குங்கள்.

பட்டியலில் மற்றவையும் அப்படித்தான். ஆதியோகியும் கோவை குற்றாலமும் ஊருக்கு மேற்கே 30, 40 கிலோமீட்டர். கொடிவேரி அணை கோபிச்செட்டிபாளையம் பக்கம், நேர் எதிர்த் திசை. குற்றாலம் வனத்துறையின் கையில் இருப்பதால் மழை வந்து தண்ணீர் கூடினால் அடைத்துவிடுவார்கள், திங்கள்கிழமை எப்படியும் விடுமுறை. மருதமலைக்கு மேலே வரை வண்டி போகும் என்றாலும், இறங்கிய பிறகும் படி இருக்கிறது. அம்மாவை நினைத்து அதையும் விட்டுவிடலாம்.

இப்போது முக்கியமான விஷயம். திரும்பும் டிக்கெட்டைக் கோவையிலிருந்து எடுக்காதீர்கள். ஈரோட்டிலிருந்து எடுங்கள். கோவையிலிருந்து சென்னைக்குப் போகும் ரயில்கள் ஈரோடு வழியாகத்தான் போகின்றன. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை நீங்களே ஈரோட்டுக்கு நகர்ந்துவிட்டால், 100 கிலோமீட்டர் தூரம் உங்கள் திரும்பும் வழியிலேயே கழிந்துவிடும். ஒரு நாள் முழுக்க இன்னொரு ஊர் கிடைக்கும், அதற்காகக் கூடுதலாக ஒரு மணி நேரம்கூட அலைய வேண்டாம். ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஈரோட்டிலேயே புறப்படும் ரயில் என்பதால் நடைமேடையில் நின்றுகொண்டிருக்கும், அம்மாவை அவசரப்படுத்தாமல் ஏற்றலாம். வரும்போதும் இதே யோசனைதான்: சேரன் எக்ஸ்பிரஸ் கோவையோடு முடிகிறது, நிதானமாக இறங்கலாம். நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையம் வரை போவது, விடியும் முன்பே கோவைக்கு வந்துவிடும், தூங்குகிற பிள்ளைகளை எழுப்பிப் பெட்டிகளை இறக்குவதற்குள் படபடப்பாகிவிடும்.

அறையை ஆர்.எஸ்.புரத்திலோ ரயில் நிலையத்தை ஒட்டியோ எடுங்கள். பதிவு செய்யும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "செக்-அவுட் 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக் கணக்கா?" காலை ஆறு மணிக்கு வந்து இறங்கும் உங்களுக்கு 24 மணி நேரக் கணக்கு இருக்கிற விடுதிதான் சரி. இல்லையென்றால் ஒரு ராத்திரிக்கு ரெண்டு நாள் வாடகை கேட்பார்கள்.

சனிக்கிழமை முழுக்கச் சைவம், முழுக்கக் கோவை. அம்மாவின் விரதமும் இந்த ஊரும் நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் கோவை காலை டிபனுக்குப் பேர் போன ஊர். இங்கே இட்லி அவ்வளவு மெத்தென்று இருப்பதற்குக் கிரைண்டருக்கும் பங்குண்டு, கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு புவிசார் குறியீடே இருக்கிறது. அன்னபூர்ணாவில் உட்கார்ந்து சாம்பார் இட்லி சொல்லுங்கள், கிண்ணத்தில் இட்லி மூழ்குகிற அளவுக்கு ஊற்றித் தருவார்கள், மேலே சின்ன வெங்காயமும் கொத்தமல்லியும். மகனுக்கு நெய் ரோஸ்ட் தனியாகச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் தட்டில் கை வைப்பான்.

சாப்பிட்டதும் நேராகப் பேரூர். நொய்யல் கரையில் இருக்கும் பட்டீசுவரர் கோயில், ஊரிலிருந்து ஆறேழு கிலோமீட்டர், சமதளம். பத்து மணிக்குள் போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். மேலைச் சிதம்பரம் என்று சொல்வார்கள். நடராசர் சன்னதிக்கு முன்னால் இருக்கும் கனகசபையில் குறைந்தது அரை மணி நேரம் நில்லுங்கள், நிறையப் பேர் கும்பிட்டுவிட்டு வேகமாகக் கடந்துவிடுகிறார்கள், அது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். யானையின் தோலை உரித்துத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்திருக்கும் சிவனின் தூணுக்குப் பக்கவாட்டில் போய்ப் பாருங்கள், கல் என்பதே மறந்துபோகும். பிள்ளைகளை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள், விதானத்திலிருந்து கல்லிலேயே செதுக்கிய சங்கிலி தொங்கும், ஒட்டுப்போட்டதில்லை. வெளியே வந்தால் "இறவாப் பனை, பிறவாப் புளி" கதை இருக்கிறது. சாகாத பனை, விதை போட்டாலும் முளைக்காத புளி. அதை அம்மாவே பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.

மதியத்துக்கு அரிசிம்பருப்பு சாதம் தேடுங்கள். சாம்பார் சாதம் என்று நினைத்துவிட வேண்டாம். துவரம் பருப்பும் அரிசியும் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய் தாளித்து ஒன்றாக வேகவைப்பது, இறக்கியதும் மேலே நெய், தொட்டுக்கொள்ள அப்பளம், கடைசியில் தயிர். புளி கிடையாது. கொங்கு வீடுகளில் அவசரத்துக்குச் செய்கிற சாப்பாடு என்பதால் பெரிய ஓட்டல்களின் பட்டியலில் இருக்காது, "கொங்கு சமையல்" என்று பலகை வைத்திருக்கும் சின்ன மெஸ்களில் காலையிலேயே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். அதே இடத்தில் சந்தகை கிடைத்தால் விடாதீர்கள். இடியாப்பத்தில் மாவைப் பிழிந்து பிறகு வேகவைக்கிறோம், சந்தகையில் மாவை முதலில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் சந்தகைக் கட்டையில் வைத்து அழுத்திப் பிழிவார்கள். அதனால் இழை அறுந்து உதிராமல் கொஞ்சம் இழுவையாக இருக்கும். எலுமிச்சை, தேங்காய் என்று தாளித்தும் தருவார்கள், நான் சொல்வது தேங்காய்ப்பாலும் வெல்லமும். அம்மாவுக்குப் பல் பிரச்சினை இருந்தாலும் தொந்தரவில்லை.

அப்புறம் ரெண்டு மணி நேரம் அறைக்குப் போய்ப் படுங்கள். உண்மையாகவே சொல்கிறேன், ராத்திரி ரயிலில் வந்த குடும்பம் சாயங்காலம் சண்டை போடுவதற்கு மதியத் தூக்கம் இல்லாததுதான் காரணம்.

மூன்று, மூன்றரை மணிக்கு அவிநாசி சாலையில் இருக்கும் ஜி.டி. கார் அருங்காட்சியகம். ஜி.டி. நாயுடு பெயர் உங்கள் மகனுக்குத் தெரியாமல் இருக்கலாம், கோவைக்காரர்களுக்கு அவர் வீட்டுப் பெரியவர் மாதிரி. 1893இல் கலங்கல் கிராமத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, மோட்டார் சைக்கிளைப் பிரித்து மாட்டிக் கற்றுக்கொண்டு, பஸ் கம்பெனி நடத்தி, இந்தியாவில் மின்மோட்டார் செய்ததில் முன்னோடியாக இருந்த மனிதர். பழைய கார்களைப் பார்த்துவிட்டு இதையும் அவனுக்குச் சொல்லுங்கள். அங்கேயும் திங்கள் விடுமுறை, உங்களுக்குப் பிரச்சினையில்லை.

வெளியே வந்தால் பேக்கரி நேரம். இங்கே டீ குடிப்பதென்றால் பேக்கரிக்குப் போவது என்று அர்த்தம், தெருவுக்கு ஒன்று இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய் பன் வரிசையாக இருக்கும், உள்ளே இனிப்புத் தேங்காய்ப் பூவும் டூட்டி ஃப்ரூட்டியும். பாதியாகப் பிட்டுத் தரச் சொல்லிச் சூடான டீயோடு சாப்பிடுங்கள். முழுசாகச் சாப்பிட்டால் அடுத்ததற்கு வயிற்றில் இடம் இருக்காது.

அடுத்தது காளான். பொழுது சாய்ந்ததும் தள்ளுவண்டிகளில் பெரிய தட்டைச் சட்டி வைத்து, கரண்டியால் கொத்துகிற சத்தம் கேட்கும். பெயர்தான் காளான், பாதிக்கு மேல் முட்டைக்கோஸ். ரெண்டையும் மாவில் பிசைந்து பொரித்து, சிவப்பு மசாலாவில் போட்டு உடைத்துக் கிளறி, மேலே பச்சை வெங்காயமும் மல்லித்தழையும் தூவிச் சின்னத் தட்டில் தருவார்கள். அடி கரண்டியை ஒட்டிப் பிடிக்கிற பதத்தில் இருப்பதைத்தான் வாங்க வேண்டும், தண்ணியாக ஓடினால் இன்னும் வேகவில்லை, பத்து நிமிடம் பொறுத்து வாங்குங்கள். கூட்டம் இருக்கிற வண்டியில் மட்டும் சாப்பிடுங்கள், சரக்கு நிற்காது. ரேஸ்கோர்ஸ் சாலைப் பக்கம் போனால் அம்மா உட்கார இடம் இருக்கும், பிள்ளைகள் ஓடலாம், சாலையே ரெண்டரை கிலோமீட்டர் வட்டம்.

பொழுதுபோக்குக்கு மால், சினிமா என்று யோசித்திருப்பீர்கள். அது சென்னையிலும் இருக்கிறது. நான் சொல்வது வள்ளி கும்மி. கோவையைச் சுற்றியுள்ள அன்னூர், அவிநாசி, காரமடைப் பக்கத்துக் கிராமங்களில் சனி ஞாயிறு இரவுகளில் அடிக்கடி அரங்கேற்றம் நடக்கும், கட்டணம் கிடையாது. முருகன் வள்ளியைக் கல்யாணம் செய்த கதையை ஆசிரியர் மைக்கில் பாடப் பாட, ஒரே நிறத்தில் சேலை கட்டிய பெண்களும் சின்னப் பிள்ளைகளும் ஆண்களும் நூற்றுக்கணக்கில் வட்டம் கட்டிக் கும்மியடிப்பார்கள். பாட்டு வேகம் எடுக்கும்போது அத்தனை கால்களும் ஒன்றாகத் திரும்புவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், மண் தூசி முட்டி வரை எழும்பும். இந்தக் கலையைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்துப் பரப்பிய கோவைக் கலைஞர் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். எந்த ஊரில் நடக்கிறதென்று விடுதி வரவேற்பறையிலோ ஆட்டோ ஓட்டுநரிடமோ காலையிலேயே விசாரியுங்கள், சுவரொட்டி ஒட்டியிருப்பார்கள். போனால் யாராவது ஒருவர் அம்மாவுக்கு நாற்காலி போட்டு "வாங்க அம்மிணி, சாப்புட்டீங்களா" என்பார்கள், தயங்காமல் உட்காருங்கள். அன்றைக்கு எங்கும் இல்லையென்றால் உக்கடம் பெரியகுளக் கரையில் காற்று வாங்குங்கள்.

ஞாயிறு காலை ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் ஈரோடு. கார் ஒன்றை அன்று முழுக்க வாடகைக்கு எடுத்து, பெட்டிகளை டிக்கியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வாடகை பேசும்போது கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா ரெண்டையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

முதலில் பவானி, 15 கிலோமீட்டர். காவிரியும் பவானியும் சேரும் கூடுதுறையில் சங்கமேசுவரர் கோயில். கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் சேர்கிறது என்பது நம்பிக்கை. கோவை கலெக்டராக இருந்த வில்லியம் கேரோ என்ற ஆங்கிலேயர் அம்மன் அருளால் உயிர் பிழைத்ததாகச் சொல்லி 1804இல் தந்தக் கட்டில் கொடுத்தார். கோயிலுக்குள் வர முடியாத அவர் கும்பிடுவதற்காகச் சுவரில் போட்ட மூன்று துளைகளைக் கேட்டால் காட்டுவார்கள், மகளுக்கு அது பிடிக்கும். நீங்கள் வரும் நாள் அமாவாசையாகவோ ஆடிப் பதினெட்டாகவோ இருந்தால் பவானிக்குப் போகாதீர்கள், திதி கொடுக்க வருகிற கூட்டத்தில் அம்மா நிற்க முடியாது. ஜமுக்காளம் வாங்குவதானால் நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடையில் வாங்குங்கள். விசைத்தறியில் ஓட்டியதைப் பவானி ஜமுக்காளம் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள், குழியில் கால் வைத்துத் தறியில் உட்காருகிறவருக்குத்தான் அந்தக் காசு போக வேண்டும்.

மதியம் பள்ளிபாளையம். ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலம் தாண்டினால் வந்துவிடும், நாமக்கல் மாவட்டம். பள்ளிபாளையம் சிக்கனை எல்லா ஊரிலும் போடுகிறார்கள், பாதிப் பேர் மசாலாத்தூள் கொட்டிக் கெடுத்துவிடுகிறார்கள். கோழி, சின்ன வெங்காயம், விதை உதிர்த்த வரமிளகாய், பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய், கறிவேப்பிலை, எண்ணெய், உப்பு, கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான். மிளகாய்த் தோல் எண்ணெயில் நனைந்து கறியோடு ஒட்டியிருக்கும், தேங்காய்ப் பல் ஓரம் லேசாகச் சிவந்திருக்கும். தட்டில் குழம்பு மாதிரி சிவப்பாக ஓடினால் அது பள்ளிபாளையம் இல்லை. வெறும் சாதம், ரசத்தோடு சாப்பிடுங்கள். மகளுக்கு மிளகாயை ஒதுக்கிவிட்டுக் கொடுத்தால் போதும், விதை இல்லாததால் காரம் அடங்கித்தான் இருக்கும்.

சாயங்காலம், நீங்கள் வருவது நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் என்றால் வெள்ளோடு பறவைகள் சரணாலயம். ஈரோட்டிலிருந்து 15 கிலோமீட்டர், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த குளம். பறவைகள் கூடு திரும்பும் நாலரை, ஐந்து மணிக்கு அங்கே இருங்கள். வேறு மாதமென்றால், முக்கியமாக ஏப்ரல், மேயில், ஈரோட்டு வெயிலில் வெளியே அலையாதீர்கள். ஐந்து மணி வரை ஏதாவது ஒரு துணிக்கடைக்குள் இருந்துவிட்டுப் பெரியார்-அண்ணா நினைவகம் திறந்திருக்கிறதா என்று கேட்டுப் போங்கள்.

ஈரோட்டு வாரச் சந்தையில் மொத்த விலைக்குத் துணி எடுக்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது திங்கள் இரவும் செவ்வாயும் கூடுவது, உங்களுக்குக் கிடைக்காது. மஞ்சள் மட்டும் மறக்காமல் வாங்குங்கள், ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தூள் வேண்டாம், விரலி மஞ்சளாக வாங்குங்கள். கடைக்காரரிடம் ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள், 'டக்'கென்று உடைந்து உள்ளே ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருக்க வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை. சென்னை போய் ஒரு நாள் வெயிலில் வைத்து மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் ராத்திரிக்கு இட்லிப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள், மதியம் சாப்பிட்டதற்கு அது போதும். அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை கிடைத்திருக்கிறதா என்பதை இப்போதே டிக்கெட்டில் பார்த்துவிடுங்கள்.