ஓஹியோ ஸ்டேட் அவளுக்கு ஒத்துவருமா?

சின்னப் பள்ளியில் படித்த, கூச்ச சுபாவமுள்ள உங்கள் மகள் அமெரிக்காவின் ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகக் கூட்டத்தில் தொலைந்துபோவாளோ என்று கேட்டிருந்தீர்கள். கொலம்பஸ் நகரில் உள்ள அதன் முதன்மை வளாகத்தில் மட்டும் 60,000 பேருக்கு மேல் படிக்கிறார்கள், பயம் நியாயம்தான். முதலாண்டு வேதியியல் போன்ற பாடங்களில் ஒரே அரங்கில் நூற்றுக்கணக்கானோர் இருப்பார்கள். ஆனால் அதே பாடத்துக்குச் சிறு குழு வகுப்பும், பேராசிரியரைத் தனியே பார்க்க வாராவாரம் ஒதுக்கிய நேரமும் உண்டு.

என் மகனும் இப்படியொரு பெரிய மாநிலப் பல்கலையில்தான் படித்தான். முதல் பருவம் முழுக்க யார் கதவையும் தட்டவில்லை, மதிப்பெண் சரிந்தது. தட்ட ஆரம்பித்த பிறகுதான் அங்கே ஒட்டினான். உங்கள் மகளால் அது முடியுமா என்று அவளிடமே கேளுங்கள். அப்புறம், வகுப்பு நடக்கும் ஒரு வார நாளில் வளாகத்துக்கு அழைத்துப் போங்கள். நன்றாகப் படிக்கும் மாணவர்களுக்கான ஆனர்ஸ் திட்டத்தில் இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அதில் வகுப்புகள் சிறியவை.