‘ஏற்கிறேன்’ என்று அமுக்கினால் செயலி கைமாறிவிடுமா?

கேள்வி: நான் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் கல்லூரி மாணவன். நானும் நண்பனும், பிளஸ் டூ படிக்கும் என் சித்தி மகளும் (வயது 17) ஒரு திறந்த தரவு ஹேக்கத்தானில் (அரசு பொதுவில் வைக்கும் தரவைக் கொண்டு செயலி உருவாக்கும் போட்டி) கலந்துகொண்டோம். மணக்கடவு தடுப்பணைக்கு அன்றன்று எவ்வளவு தண்ணீர் வந்தது என்று விவசாயிகளுக்குத் தமிழில் சொல்லும் செயலி எங்களுடையது. பரிசு கிடைக்கவில்லை. ஊரில் ஓடவிட்டோம். “விதிகளை ஏற்றுத்தான் பதிவு செய்தீர்கள். சமர்ப்பித்தது எல்லாம் எங்கள் சொத்து, உடனே நிறுத்துங்கள்” என்று நடத்திய நிறுவனம் மெயில் போட்டிருக்கிறது. கொடுத்துவிட வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம் தம்பி. அந்த மெயிலுக்குப் பயந்து எதையும் அழிக்காதீர்கள்.

நீங்கள் அனுப்பிய விதிகளை முழுக்கப் படித்தேன். கம்ப்யூட்டர் நிரலும் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் இலக்கியப் படைப்புதான். எழுதியவருக்கே முதல் உரிமை. அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க, 19-ஆம் பிரிவின்படி எழுத்தும் வேண்டும், உரிமையாளரின் கையெழுத்தும் வேண்டும். திரையில் ஒரு சிறு கட்டத்துக்குள் டிக் போட்டது கையெழுத்தாகாது என்று தைரியமாக வாதாடலாம். வாதத்துக்கு ஆகும் என்றே வைத்துக்கொண்டாலும், காலமும் இடமும் குறிப்பிடாத மாற்றம் 5 ஆண்டுக்கும் இந்தியாவுக்கும்தான் செல்லும். அவர்கள் விதியில் இரண்டுமே இல்லை.

ஆனால் டிக் போட்டதற்கு மதிப்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மின்னணு முறையில் போட்ட ஒப்பந்தமும் ஒப்பந்தமே என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. உங்கள் படைப்பைக் காட்டவும் பயன்படுத்தவும் அவர்களுக்கு அனுமதி இருக்கிறது என்று சொல்ல அவர்களுக்கு வழியுண்டு. உங்களை நிறுத்தச் சொல்வது வேறு சங்கதி. அதுவும் அதே விதிகளில் 4-ஆவது பத்தி, நிரலை எம்ஐடி உரிமத்தில் கிட்ஹப்பில் (நிரல்களைப் பொதுவில் வைக்கும் இணையதளம்) போட்டே ஆக வேண்டும் என்கிறது! யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதுதான் எம்ஐடி உரிமம். ஊருக்கே திறந்துவிடச் சொல்லிவிட்டு, எழுதியவனை மட்டும் வெளியே நிறுத்துவது எந்த ஊர் நியாயம்? விதி குழப்பமாக இருந்தால் அதை எழுதியவருக்குப் பாதகமாகத்தான் நீதிமன்றம் பொருள் கொள்ளும்.

தங்கை விஷயம் எளிது. 18 நிரம்பாதவர் செய்த ஒப்பந்தம் அவரைக் கட்டாது. 1903-லேயே முடிவான சட்டம். அதே சமயம் அவர் எழுதிய பகுதிக்கு அவரே உரிமையாளர். அவரை விட்டுவிட்டு நீங்கள் இருவர் மட்டும் எல்லாவற்றையும் கொடுத்துவிடவும் முடியாது.

சரி, இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. செயலியின் படத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. முகப்பில் யானைகள் நிற்கும் கேரள அரசுச் சின்னம்! தேசியத் தரவுத் தளத்திலிருந்து எடுத்த தரவை, 2017-இல் வந்த அரசுத் திறந்த தரவு உரிமப்படி வணிகத்துக்குக்கூடப் பயன்படுத்தலாம். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று சொன்னால் போதும். ஆனால் அரசுச் சின்னமும் தனிநபர் விவரமும் அந்த உரிமத்தில் அடங்காது. அரசே ஒப்புதல் தந்தது போலக் காட்டவும் கூடாது. சின்னத்தை இன்றைக்கே எடுங்கள்.

அதைவிடப் பெரிது, பாடசேகர சமிதி (நெல் விவசாயிகள் குழு) பட்டியலில் இருந்து எடுத்த விவசாயிகளின் பெயரும் செல்போன் எண்ணும் உங்கள் கிட்ஹப்பில் திறந்து கிடப்பது. சமிதிக்கு எண் கொடுத்தவர் உலகத்துக்குக் கொடுக்கவில்லை. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, படிப்படியாக அமலாகின்றன. கோப்பை மட்டும் நீக்கினால் பழைய பதிப்புகளில் அப்படியே இருக்கும், வரலாற்றோடு சேர்த்துத் துடையுங்கள். தண்ணீர்க் கணக்குக்கு யார் போன் நம்பரும் தேவையில்லையே.

நிறுவனத்துக்கு நாலு வரி பதில் போதும்: கையெழுத்திட்ட உரிமை மாற்றம் எதுவும் இல்லை, 4-ஆவது பத்திப்படி எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டோம், ஒருவர் மைனர், தொடர்ந்து நடத்துவோம். அப்புறம், தங்கை சார்பில் “ஒரு சின்ன ஃபார்ம்தான்” என்று சித்தியிடம் யாராவது கையெழுத்துக் கேட்டு வந்தால், போடுவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள்.