புண் வந்த மீனுக்கு எதிர்ப்புப் புரதப் பொடி கொடுக்கலாமா?

கேள்வி: தொட்டியைக் கழுவுவதற்காக நாற்பது கெண்டைகளை வலை போட்டுப் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றினேன். ஐந்தாம் நாள் ஏழெட்டு மீன்களுக்கு வயிற்றோரத்திலும் துடுப்படியிலும் சிவப்பாகப் புண். மூன்று செத்துவிட்டன, மற்றவை நன்றாகத் தீவனம் எடுக்கின்றன. ‘நோய் எதிர்ப்புப் புரதம் கொண்டது’ என்று போட்ட ஒரு பொடியைத் தீவனத்தில் கலக்கச் சொல்கிறார்கள். கலக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். புரதத்தைத் தின்றால் அது குடலில் செரித்து அமினோ அமிலங்களாக உடைந்துவிடும், முட்டையைத் தின்றாலும் அதேதான் நடக்கும். மீனைக் காப்பாற்றும் எதிர்ப்புப் புரதங்களை மீன்தான் தன் உடம்பில் செய்துகொள்ள வேண்டும். உங்கள் மீன்களும் செய்துகொண்டுதான் இருந்தன. வலையில் பிடித்த அன்று அதில் ஒரு பகுதியை வழித்து எடுத்துவிட்டீர்கள், விஷயம் அவ்வளவுதான்.

மீனைக் கையில் பிடித்தால் வழுக்குகிறதே, அந்த வழவழப்பைச் சும்மா கோழை என்று நினைக்காதீர்கள். நம் தோலின் மேல்பரப்பு செத்த செல்களால் ஆன காய்ந்த கவசம். மீனுக்கு அப்படி இல்லை, தண்ணீரைத் தொடுகிற கடைசி அடுக்கு வரை உயிருள்ள செல்கள், அதற்கு மேல் இந்தக் கோழை மட்டும்தான். லைசோசைம் இதில்தான் இருக்கிறது, பாக்டீரியாவின் சுவரைக் கட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலியை வெட்டுகிற புரதம் அது. நம் கண்ணீரிலும் உண்டு. கூடவே பிசிடின் போன்ற பெப்டைடுகள், அதாவது சின்னச் சின்னப் புரதத் துண்டுகள் இருக்கும், அவை பாக்டீரியாவின் சவ்வில் போய் ஒட்டி அதைக் குலைத்துவிடும். அப்புறம் ஆன்டிபாடி எனப்படும் எதிர்பொருள்கள். கோழையில் வேலை செய்யும் ஐஜிடி என்ற எதிர்பொருள் மீன்களுக்கே உரியது, 2005-ல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். இத்தனையும் கலந்த கோழையை மீன் ஓயாமல் சுரந்து, பழையதை உதிர்த்துக்கொண்டே இருக்கும், அதில் ஒட்டிய கிருமியும் சேர்ந்து போய்விடும்.

இப்போது உங்கள் வலைக்கு வருவோம். முடிச்சுப் போட்ட நைலான் வலையில் மீன் துள்ளும்போது ஒவ்வொரு முடிச்சும் ஒரு அரம் மாதிரி. ஒரு செதில் தூக்கிக்கொண்டு நிற்கும், அந்த இடத்தில் கோழை இல்லை, கீழே தோல் கிழிந்து லேசாக ரத்தம் கசியும். சின்னக் கீறல் என்றால் பக்கத்துத் தோல் செல்கள் நகர்ந்து வந்து சில மணி நேரத்தில் மூடிவிடும், மீனுக்கு அந்தத் திறமை உண்டு. அதற்குள் ஏரோமோனாஸ் மாதிரி ஒன்று அங்கே உட்கார்ந்துவிட்டால்தான் வம்பு. அது நன்னீரில் எப்போதும் இருக்கிற பாக்டீரியா, எங்கிருந்தோ உங்கள் தொட்டிக்கு வந்ததல்ல, மருந்தடித்து ஒழித்துவிடவும் முடியாது.

உள்ளே நுழைந்த பிறகு நடப்பது பெரும்பாலும் இரும்புக்கான சண்டை. இரும்பு இல்லாமல் பாக்டீரியா பெருக முடியாது. மீனின் ரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இரும்பை இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும், தொற்று வந்ததும் ஹெப்சிடின் என்ற சின்னப் பெப்டைடு கூடி, செல்களிலிருந்து இரும்பு வெளியே வரும் வழியையே அடைத்துவிடும். கிருமியும் சும்மா இருக்காது, இரும்பைப் பிடுங்கித் தருகிற மூலக்கூறுகளை அனுப்பும், சிவப்பணுக்களை உடைக்கும் நச்சையும் விடும். நீங்கள் பார்த்த சிவப்பில் அந்த நச்சுக்கும் பங்கு இருக்கலாம்.

இதே நேரத்தில், ரத்தத்தில் இருக்கும் காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புப் புரதக் கூட்டமும் களத்தில் இறங்கும். சி3 என்ற புரதம் கிருமியின் மேல் ஒட்டி ‘இதைத் தின்னு’ என்று விழுங்கும் செல்களுக்கு அடையாளம் காட்டும், கடைசியில் வருபவை சேர்ந்து சவ்வில் ஓட்டை போடும். நமக்கு ஒரே ஒரு சி3, மீன்கள் பலவற்றுக்கு அதில் பல வகைகள், குளிர்ந்த நீரிலும் இவை வேலை செய்யும். ஐஜிஎம் என்ற முக்கிய எதிர்பொருள் அப்படியில்லை. அது நிறையச் சேர வாரக்கணக்கில் ஆகும், தண்ணீர் குளிர்ந்தால் இன்னும் தாமதம். அதனால் முதல் சில நாள்களில் மீன் பிழைப்பதும் சாவதும் லைசோசைம், காம்ப்ளிமென்ட் போன்ற தயார்நிலைப் புரதங்களின் கையில்தான் இருக்கிறது.

ஐந்தாம் நாள் ஏன்? பிடிபட்ட பயத்தில் கார்டிசால் ஏறும். அந்த ஹார்மோன் எதிர்ப்பு வேலையையே அமுக்கிவிடும், கூட்டம், அம்மோனியா என்று தொல்லை நீடித்தால் அது இறங்காது. கழுவிய புதுத் தொட்டியில் அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியாவும் குறைவாகத்தான் இருந்திருக்கும். இதற்கிடையே கிருமிக்குத் தேவையான அவகாசம் கிடைத்துவிட்டது. மற்ற மீன்கள் தப்பியதற்கு வீரம் எதுவும் வேண்டியதில்லை, பாதிக்கு மேல் தோல் கிழியாமல் தப்பியிருக்கும் என்பதுதான் என் கணிப்பு.

சரி, இப்போது செய்ய வேண்டியது. புண் உள்ளவற்றைத் துணி வலையிலோ முடிச்சில்லாத வலையிலோ, கையை நனைத்துக்கொண்டு, தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். லிட்டருக்கு 3 கிராம் சாதாரண உப்புப் போடலாம், கெண்டை தாங்கும். நன்னீர் மீனின் உடம்பில் வெளியே இருப்பதைவிட உப்பு அதிகம், புண் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறி உப்பு வெளியே போகிறது, அந்தச் சுமை குறைந்தாலே மீனுக்குக் கொஞ்சம் மூச்சு வரும். அம்மோனியாவை இன்றே சோதியுங்கள், இருந்தால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். காற்றுக்குழாய் நிற்கக் கூடாது. ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கொட்டாதீர்கள், எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று மீன் மருத்துவர் புண்ணிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்த பிறகுதான் அது. தீவனத்தில் கலந்தாலும், புண் முற்றிய மீன் தின்னவே தின்னாது, நன்றாக இருக்கிற மீன்தான் மருந்தைத் தின்னும்.

அந்தப் பொடிக்கு வருகிறேன். உள்ளே பீட்டா குளுக்கன் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். அது புரதமல்ல, ஈஸ்டின் செல் சுவரில் உள்ள ஒரு சர்க்கரைச் சங்கிலி. மீனின் விழுங்கும் செல்கள் அதைக் கிருமி என்று நினைத்து உஷாராகும், லைசோசைமும் காம்ப்ளிமென்ட் வேலையும் கூடும். இது நிஜமான பலன்தான், ஆனால் வலை போடுவதற்கு ஓரிரு வாரம் முன்பே தீவனத்தில் தொடங்கியிருக்க வேண்டும். மாதக்கணக்கில் அள்ளிப் போடவும் கூடாது, நாளடைவில் பலன் மங்கிவிடும். வைட்டமின் சி-யும் பாருங்கள். கெண்டை உட்பட அநேக மீன்களால் அதைச் சொந்தமாகச் செய்துகொள்ள முடியாது, வெயிலில் கிடந்த பழைய தீவனத்தில் அது பெரும்பாலும் மிச்சமிருக்காது. புண் ஆற அது வேண்டும், அதனால் புது மூட்டை ஒன்றைப் பிரிப்பது இந்தப் பொடியைவிட உருப்படியான செலவு.

பிழைத்த மீன்களை நம்பிப் புது மீன்களை உடனே விட்டுவிடாதீர்கள். அவற்றில் சில வெளியே நன்றாகத் தெரிந்தாலும் கிருமியை உள்ளே வைத்திருக்கலாம். கடைசிப் புண் ஆறிய பிறகும் சில வாரங்களாவது பொறுங்கள்.