ஒரே கதை, இரண்டு வாசிப்பு

நண்பரே, கேரளத்தில் உள்ள உங்கள் கொழிஞ்சாம்பாறை வாசக வட்டத்தில் ஒரே கதையின் முடிவை ஒருவர் மன்னிப்பு என்கிறார், இன்னொருவர் தோல்வி என்கிறார், எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே நிற்கலாம். கதை சொல்லாமல் விடும் இடைவெளிகளை வாசகர்தான் நிரப்புகிறார் என்று ஜெர்மன் அறிஞர் வொல்ஃப்காங் ஈசர் 1970களில் விரிவாக எழுதினார். நமக்கு இது பழைய பழக்கம். திருக்குறளுக்குப் பழைய உரைகள் பத்து என்பார்கள். மணக்குடவரும் பரிமேலழகரும் பொருளில் மட்டுமல்ல, குறள்களின் வரிசையிலேயே வேறுபடுகிறார்கள்.

அதற்காக எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்றில்லை. எந்த வரியை வைத்துச் சொல்கிறீர்கள் என்று இருவரையும் கேளுங்கள், அந்த வரியை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வரி காட்ட முடியாத கருத்தை விட்டுவிடலாம். அப்புறம், மலையாளத்தில் படித்து வளர்ந்த இளையவர்களை முதலில் பேச விடுங்கள். பெரியவர்கள் தீர்ப்பு சொல்லிவிட்டால் அவர்கள் வாயே திறக்கமாட்டார்கள்.